வழியனுப்புவோர் கடன்

பிரிவைப் பற்றித் தமிழ் இலக்கணம் பேசிய அளவுக்கு வேறு எம்மொழி இலக்கணமாவது பேசியிருக்குமா என்பது ஐயமே. ஓதற்பிரிவு, பகைவயிற்பிரிவு, தூதிற்பிரிவு, பொருள்வயிற்பிரிவு என்று காரணம் கண்டு பெயரிட்டனர் முன்னோர். பிரிவுக்கெனவே பாலை என்னும் ஒரு திணையை ஒதுக்கினர். பிரிந்து செல்பவன் தலைவன், பிரிவால் வாடுபவள் தலைவி, தேற்றுபவள் தோழி. உடன்போக்கில் மகளைப் பறிகொடுத்துப் புலம்பும் நற்றாய்க்கும் செவிலிக்கும்கூட அங்கே இடமுண்டு. உடன்பிறந்தாருக்கு? அகப்பாட்டில் தமையன்மார் வருவதுண்டு. ‘தன்னையர்’ என்ற பெயரோடு காவலராகவும் சினங்கொள்பவராகவும் வாசற்புறத்தே நிற்பார்கள். அவர்களுள் ஒருவன் படைக்குப் புறப்பட, அவனுக்குத் தங்கை விடைகொடுத்தாள் என்று பாடும் துறை ஒன்று வகுக்கப்படவில்லை.

வகுக்கப்படாமைக்குக் காரணம் அந்தப் பிரிவில் துயரம் இல்லை என்பதாக இருக்க முடியாது. அத்துயரத்திற்கு உரிமைப் பெயர் கிடையாது என்பதே காரணம் எனலாம். பெற்றவள் அழலாம், அவள் பத்துத் திங்கள் சுமந்தவள். மனைவி அழலாம், அவள் கைப்பிடித்தவள். அக்காள் எந்த உரிமையைச் சொல்லி அழுவாள்? தம்பியை அவள் பெறவில்லை, தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஒரே வயிற்றில் முன்னும் பின்னுமாகப் பிறந்தார்கள், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என்பதற்குள் எத்தனை அடங்கியிருக்கிறது என்பது, ஒருவர் புறப்படும் நாளில்தான் தெரியவரும்.

சிங்கப்பூரில் இந்தப் புறப்பாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக வீட்டு நிகழ்ச்சியாகிவிட்டது. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தனிநாடான போது அத்தீவிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். 1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் முதல் அணி இளைஞர்கள் முழுநேரச் சேவையில் சேர்ந்தார்கள். அன்று அவர்களுக்குச் சமூக நிலையங்களில் வழியனுப்பு விருந்துகள் நடந்தன. ஊர் கூடி அனுப்பிய காலம் அது. இன்று அப்பொறுப்பு பெரும்பாலும் குடும்பத்தின் கையில் இருக்கிறது. பதினெட்டு வயதை எட்டிய ஆண்பிள்ளைக்கு அழைப்பு வருகிறது. குறித்த நாளில் அவன் சாங்கியிலுள்ள படகுத் துறைக்குச் செல்கிறான். குடும்பத்தாரும் உடன் செல்கிறார்கள். படகு அவர்களைப் புலாவ் தேக்கோங் தீவில் இறக்குகிறது. ஒரு காலத்தில் சீனரும் மலாய்க்காரரும் குடியிருந்த சிற்றூர்களும் ரப்பர்த் தோட்டங்களும் நிறைந்த தீவு அது. 1980களில் குடிமக்கள் பெருநிலத்திற்கு மாற்றப்பட்ட பின்னர் அது படைப்பயிற்சிக்கே உரியதாயிற்று.

அங்கே பெற்றோர் மகனுடைய கட்டிலைப் பார்க்கிறார்கள். படையினரின் உணவுக்கூடத்தில் ஒருவேளை உண்கிறார்கள். இளைஞர்கள் வரிசையாக நின்று உறுதிமொழி எடுப்பதைக் காண்கிறார்கள். பிறகு விடைபெறும் நேரம் வருகிறது. குடும்பம் படகேறுகிறது, பிள்ளை முடி வெட்டிக்கொள்ளப் போகிறான். அடிப்படைப் பயிற்சி பொதுவாக ஒன்பது வாரம். முதல் இரு வாரம் வீட்டுக்கு வர இயலாது. முழுநேரச் சேவை மொத்தம் இரண்டாண்டு.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தாய், தந்தை, பார்வை மங்கிய பாட்டி, இருபது வயது மகள், பதினெட்டைக் கடந்த மகன். அடுக்குமாடி வீடு. மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு பயில்கிறாள். பத்தொன்பதாம் வயதில் தேர்வெழுதினாள், இடம் கிடைத்தது, சென்றாள். இடையில் எவரும் அவளை நிறுத்தவில்லை. மகனும் அதே தேர்வை எழுதினான். அவனுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த இடம் இரண்டாண்டு காத்திருக்கும். அவன் முதலாமாண்டு மாணவனாக அமரும் நாளில் அக்காள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

இவ்விருவருக்குமிடையே அதுவரை ஏற்றத்தாழ்வு இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. எந்த வீட்டில் அது இல்லை? எனினும் உடன்பிறப்பு என்னும் உறவின் அடிப்படையே பங்கு. ஒரு வடையை இரண்டாகப் பிட்டால் எது பெரிய பாதி என்று இரு குழந்தைகளும் கூர்ந்து பார்ப்பார்கள். நீதி என்ற சொல்லைக் கற்பதற்கு முன்னரே நீதியைக் கற்கும் இடம் அதுதான். ‘அவளுக்கு மட்டும் ஏன்?’, ‘அவனுக்கு மட்டும் ஏன்?’ என்னும் கேள்விகளைப் பெற்றோர் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். நாட்டின் சட்டம் அந்த வீட்டுக்குள் நுழைந்து, வடையைப் பிட்டு, ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. இம்முறை தம்பி ‘ஏன்?’ என்று கேட்கவில்லை. கேட்காமையே அக்காளைத் தைக்கிறது.

இங்கே எழும் அறக்கேள்வி இதுவே: ஒரு சுமை இருவருள் ஒருவர் மேல் மட்டும் ஏற்றப்படும்போது, ஏற்றப்படாதவர் எதற்கேனும் கடன்பட்டவர் ஆவாரா?

ஆகமாட்டார் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. சட்டத்தை இயற்றியவள் அவளல்லள். விலக்கு வேண்டுமென்று அவள் விண்ணப்பிக்கவும் இல்லை. செய்யாத செயலுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது அறமாகாது. இவ்வாதத்தில் பிழை இல்லை. ஆனால் அது குற்றத்தைப் பற்றிய வாதம். குற்றமும் கடனும் வேறு வேறு. குற்றம் செயலிலிருந்து பிறப்பது. கடனோ பெற்றதிலிருந்து பிறப்பது. தாய்ப்பாலைக் குழந்தை விண்ணப்பித்துப் பெறவில்லை. ஆயினும் அது கடனன்று என்று எவரும் சொல்லத் துணிவதில்லை. கேளாமல் கிடைத்த நன்மையும் நன்மைதான். இரவில் நிம்மதியாக உறங்குபவர், தமக்காக விழித்திருப்பவரை நியமித்தது தாம் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இயலாது.

இனி வேறொரு தடை. கட்டாயத்தால் செல்பவனுக்கு என்ன பெருமை? சட்டத்தை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை என்றிருக்க, அவன் சென்றது அறத்தாலா, அச்சத்தாலா? அச்சத்தால் என்றால் அவன் எதையும் கொடுக்கவில்லை, அவனிடமிருந்து எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்டதற்கு நன்றி கூறுவது எப்படி?

இதற்கு விடை காண வரலாறு ஓரளவு உதவுகிறது. 1954ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சியும் இதே ‘தேசிய சேவை’ என்ற பெயரில் இளைஞர்களைப் பதிந்துகொள்ளுமாறு ஆணையிட்டது. மே 13ஆம் நாள் சீனப் பள்ளி மாணவர்கள் மனுக்கொடுக்கத் திரண்டார்கள். காவல் துறையினரோடு மோதல் ஏற்பட்டது. எந்தத் தேசத்துக்குச் சேவை என்பது அன்று எழுந்த கேள்விகளுள் தலையாயது. பதின்மூன்றாண்டு கழித்து அதே பெயரில், அதே கட்டாயத்தோடு வந்த சட்டத்தை அதே தீவின் குடும்பங்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன. முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆயினும் ஏற்றுக்கொண்டன. தண்டனை இரு காலத்திலும் இருந்தது. ஆகவே இடையில் மாறியது அச்சத்தின் அளவாக இருக்க முடியாது. ‘நம்முடையது’ என்னும் எண்ணம் மாறியது என்றே கொள்ள வேண்டும். கட்டாயம் என்பது கதவைத் தாழிடும் செயல். தாழிட்ட கதவுக்குள் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அவனுடையதே. அவன் முகஞ்சுளித்தும் செல்லலாம், முகமலர்ந்தும் செல்லலாம், பாட்டியின் முன்னே முகமலர்ந்து, படகில் முகஞ்சுளித்தும் செல்லலாம். மூன்றாவது வகையே மிகுதி என்று எண்ணத் தோன்றுகிறது. அந்தப் பாட்டியின் முன் காட்டிய மலர்ச்சியை எந்தச் சட்டம் கட்டாயப்படுத்திற்று?

பெண்ணுக்குப் படை உரியதன்று, அதனால் அவளுக்குக் கடனும் இல்லை என்று பேசுவாரும் உளர். இம்மண்ணின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1943இல் இதே சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர். அவர்களைத் தோட்டத்து லயன்களில் நின்று வழியனுப்பியவர்களுள் அண்ணன் தம்பியரும் இருந்திருப்பார்கள் அல்லவா? அன்று எஞ்சியவன் ஆண்; சென்றவள் பெண். இக்காலத்திலும் சிங்கப்பூர்ப் பெண்கள் விரும்பினால் படையில் சேரலாம். 2014இல் அமைக்கப்பட்ட தொண்டூழியர் படையிலும் பெண்களுக்கு இடமுண்டு. மலேசியாவில் 2004இல் தொடங்கி 2018இல் கைவிடப்பட்ட தேசிய சேவைப் பயிற்சி முழுமையான படைப்பயிற்சி ஆகாது. ஆனால் அங்கே ஆண் பெண் இருபாலாரும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2025இல் 45 நாள் பயிற்சியாக அது மீண்டும் வந்தபோதும் இருபாலாரும் அழைக்கப்பட்டனர். குலுக்கலில் அக்காள் பெயர் வந்து தம்பி பெயர் வராத வீடும் இருந்திருக்கும். ஆகவே விலக்குப் பெற்றவர் என்பது பாலைக் குறிக்கும் பெயரன்று. அது ஒரு நிலை. சட்டத்தாலோ, குலுக்கலாலோ, உடற்குறையாலோ, வயதாலோ யாருக்கும் அது வரலாம்.

கடன் உண்டு என்று கொண்டால், அதைச் செலுத்துவது எங்ஙனம் என்பதே கடினமான பகுதி. போலி நாணயங்கள் பல புழங்குகின்றன. ‘வீரனே, சென்று வா’ என்பது ஒன்று. இன்னும் துப்பாக்கியைத் தொடாத பிள்ளையை வீரன் என்று அழைப்பது, அவன் அஞ்சுவதற்கு உள்ள உரிமையைப் பறிப்பதாகும். ‘ஐயோ பாவம்’ என்பது மற்றொன்று. அது அவன் காலில் கல்லைக் கட்டுவது. ‘போய் ஆண்பிள்ளையாகித் திரும்பி வா’ என்று மாமன்மார் தோளில் தட்டுவதுண்டு. இந்தச் சொல்லைப் போலப் பொருளற்றது வேறில்லை. ஒன்பது வாரத்தில் முளைப்பது மனிதத்தன்மை என்றால், அங்கே செல்லாத அக்காளுக்கு அது எங்கிருந்து வந்தது? அந்த மாமனுக்குத்தான் எங்கிருந்து வந்தது?

இது வெறும் பயிற்சிதானே, போருக்கா போகிறான், இரண்டு வாரத்தில் வந்துவிடுவான் என்பதும் அடிக்கடி கேட்கும் ஆறுதல். பெரும்பாலும் உண்மையான ஆறுதலும்கூட. ஆனால் பயிற்சி எதற்கு என்ற கேள்வியை அது மூடி மறைக்கிறது. தம்பி அங்கே கற்கப்போவது படகு ஓட்டவன்று; ஆயுதம் ஏந்த. தேவை நேரின் அதைப் பயன்படுத்த. பயிற்சியிலேயே உயிரிழந்த இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கும் உடன்பிறந்தார் இருந்தனர். இவற்றையெல்லாம் விடைபெறும் மேசையில் பேச வேண்டும் என்பதில்லை. இவை இல்லையென்று நடிக்க வேண்டுவதில்லை என்பதே கருத்து.

கம்பர் ஒரு விடைபெறுதலைக் காட்டுகிறார். தம்பி கும்பகருணன் அண்ணனுக்கு அறம் எடுத்துரைக்கிறான். இராவணன் அதைக் கேளாமல் அவனை இகழ்ந்து, தானே போருக்குச் செல்வதாக எழுகிறான். உடனே தம்பி படைக்கலத்தை எடுத்துக்கொள்கிறான். பொறுத்தருளுமாறு வேண்டுகிறான். தான் திரும்பி வரப்போவதில்லை என்பதை மறைக்காமல் சொல்லுகிறான். தான் இறந்த பிறகாயினும் சீதையை விட்டுவிடுமாறு கேட்கிறான். அதுவரை தான் செய்த குற்றம் ஏதேனும் இருப்பின் மன்னிக்குமாறு சொல்லி விடைபெறுகிறான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் யார்? எவனுடைய பிழைக்காக எவன் சாகப்போகிறான்? கடன்பட்டவன் வீட்டில் நிற்க, கடன் கொடுத்தவன் மன்னிப்பை வேண்டுகிறான். அப்போதாவது இராவணன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் அழுதான். பத்துத் தலை படைத்தவனிடம் அந்த வேளைக்குரிய ஒரு வாய்ச்சொல் இல்லாமற்போனது.

அவன் கண்ணீர் பொய்யென்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் தம்பி கேட்டது கண்ணீரையன்று; ஒரு செயலை. சீதையை விடுவித்தல் என்ற அச்செயலை இராவணன் செய்யவில்லை. அனுப்புகிறவர் தம் துயரத்தைக் கொண்டே கடனை அடைத்துவிட்டதாக எண்ணும் மயக்கத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய இடம் அரிது. வகுப்பறையில் இப்பகுதி பெரும்பாலும் கும்பகருணனின் செஞ்சோற்றுக் கடன் என்ற தலைப்பிலேயே கற்பிக்கப்படுகிறது. இராவணன் தம்பிக்குப் பட்ட கடனை மாணவர் எவரேனும் எழுப்பினால் ஆசிரியர் மகிழ வேண்டும்.

ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டு ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. புறநானூற்றின் 279ஆம் பாட்டு அது; மூதின் முல்லை என்னும் துறை. முன்னொருநாள் போரில் யானையை வீழ்த்தி அவளுடைய ‘தன்னை’ மாண்டான். நேற்றைய போரில் கணவன் மாண்டான். இன்றும் பறையொலி கேட்டு, தன் ஒரே மகனுக்கு வெள்ளுடை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்துச் செருமுகம் நோக்கிச் செல்க என்கிறாள். பாடநூல்களில் இப்பாட்டு வீரத்தாயின் பாட்டு. அந்தத் தாய்க்கே பரிசெல்லாம். ‘தன்னை’ என்பதற்குத் தந்தை என்று பொருள் கொள்வாரும் தமையன் என்று பொருள் கொள்வாரும் உண்டு. தமையன் என்று கொண்டால், அந்த வீரத்தாய் முதலில் ஒரு தங்கையாக நின்று விடைகொடுத்தவள். அவனுக்கு எண்ணெய் தடவியது யார்? அவனிடம் அவள் என்ன சொன்னாள்? அகத்தில் வாசற்புறத்தே நிறுத்தப்பட்ட அண்ணன், புறத்தில் ஓரடிக்குள் யானையோடு வீழ்ந்துவிடுகிறான். புலவர் அதற்குமேல் சொல்லவில்லை. மகனை அனுப்பும் துணிவை அவள் எங்கே கற்றாள் என்று தேடுவோர் அந்த ஓரடியில் சிறிது நேரம் நின்றால் நல்லது.

தேக்கோங்கின் உணவுக்கூடத்திற்குத் திரும்பலாம். தந்தை கோழி உருண்டையை முள்கரண்டியால் குத்தியபடி, சாப்பாடு மோசமில்லை என்று மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தாய், பையில் வைத்த கால்தூளையும் கூடுதல் காலுறைகளையும் பற்றி நினைவூட்டுகிறாள். காலையில் கோயிலில் இட்ட திருநீறு பிள்ளையின் நெற்றியில் வியர்வையால் பாதி கலைந்திருக்கிறது. அக்காள் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியவற்றை அவள் இரவெல்லாம் எண்ணி வைத்திருந்தாள். உனக்குப் பதில் நான் வந்திருக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. அது உண்மையன்று என்று அவளுக்கே தெரியும். ஆகவே அதை விழுங்கிவிட்டாள். எழுந்து நிற்கும் நேரம் வந்தபோது, “வீட்டுல நீ செய்யற வேலை என்னென்னன்னு சொல்லு தம்பி, நான் பார்த்துக்கறேன்” என்றாள்.

தம்பி சற்றே வியந்தான். அவன் செய்கிற வேலை என்று ஒன்று இருப்பதாக அவனும் எண்ணியதில்லை. பிறகு நினைவு வந்தது. பாட்டிக்கு இரவுதோறும் ‘தமிழ் முரசு’ படித்துக் காட்டுகிறவன் அவன்தான்.

“அக்கா, முதல்ல மரண அறிவிப்புப் பக்கத்தைப் படிக்கணும். பேரு, வயசு, ஊரு எல்லாம் சொல்லணும். அப்புறந்தான் மத்த செய்தி. மாத்திப் படிச்சா பாட்டி கோவிச்சுக்கும்.”

இதைக் கேட்டுத் தாய் சிரித்தாள். தந்தையும் சிரித்தார். அழைப்பு ஒலித்தது, இளைஞர்கள் வரிசைக்குப் போனார்கள்.

அன்றிரவு அக்காள் செய்தித்தாளை விரித்தாள். பள்ளியை விட்ட பிறகு அவள் தமிழை உரக்கப் படித்ததில்லை. முதல் பெயரிலேயே ழகரம் இடறிற்று. பாட்டி கண்ணை மூடியபடியே அதைத் திருத்தினாள். அவள் மீண்டும் சொன்னாள். பாட்டி மீண்டும் திருத்தினாள். மூன்றாம் முறை சரியாக வந்ததும், இறந்தவருக்கு வயது என்ன என்று பாட்டி கேட்டாள்.